‘மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக?

மழை நாளில் வீட்டுக்குள் கதகதப்பாக அமர்ந்து, சன்னல் வழியே மழையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சுகத்தை ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே இசையாக்கியவர், வெனிஸ் நகரில் பிறந்த அந்தோனியோ விவால்டி. 1725இல் வெளியான அவருடைய ‘நான்கு பருவங்கள்’ என்ற படைப்பில், ‘குளிர்காலம்’ பகுதியின் நடுவில் வரும் சிறிய இசை அது. வெளியே மழை பெய்ய, உள்ளே நெருப்பருகே ஒருவர் நிம்மதியாக இருக்கிறார். இதுவே அதன் காட்சி.

மழைத்துளிகளைக் காட்ட, வயலின்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்திகளைச் சுண்டுகின்றன. அதன்மேல் ஒரு தனி வயலின் நீண்ட மெட்டைப் பாடுவதுபோல வாசிக்கிறது.

இதன் வேகம் என்ன? விவால்டி எழுதியது ‘லார்கோ’ என்ற ஒரே சொல்தான். ‘அகலமாக, நிதானமாக’ என்பது அதன் பொருள். எண் எதுவும் இல்லை. வேகத்தை எண்ணால் குறிக்க உதவும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்சல் காப்புரிமை பெற்றதே 1815இல்தான்.

நாமே கணக்கிடுவோம். இந்த இசையில் மொத்தம் 72 தட்டுகள். ஒரு தட்டுக்கு நான்கு ‘மழைத்துளிகள்’.

நிமிடத்துக்கு 30 தட்டுகள் என்றால், இசை 144 வினாடி நீடிக்கும். வினாடிக்கு 2 துளிகள் விழும். 60 தட்டுகள் என்றால் 72 வினாடியில் முடிந்துவிடும். வினாடிக்கு 4 துளிகள். முதலாவது தூறல், இரண்டாவது சடசடவென்ற மழை! இரண்டையும் கலைஞர்கள் ‘லார்கோ’ என்றே வாசிக்கலாம்.

அடுத்தது சுருதி. ‘குளிர்காலம்’ எஃப் மைனரில் தொடங்குகிறது. இந்த நடுப்பகுதி மட்டும் ஈ-ஃபிளாட் மேஜருக்கு மாறுகிறது. வேறுபாடு எங்கே? அடிப்படைச் சுரம் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் சுரம் மேஜரில் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ், மைனரில் ஏறத்தாழ 480 ஹெர்ட்ஸ். இந்தச் சிறிய இடைவெளிதான் நடுக்கும் குளிரைக் கதகதப்பாக மாற்ற உதவுகிறது.

இன்னொரு வியப்பு. இன்றைய இசைக்குழுக்கள் பொதுவாக ‘ஏ’ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் அமைக்கின்றன. பழைய முறையில் வாசிக்கும் பல குழுக்கள் 415இல் அமைக்கின்றன. அப்போது எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் இறங்கும். 500க்கும் 400க்கும் உள்ள 5:4 விகிதம் அப்படியே இருக்கும். அதனால் மெட்டு மாறுவதில்லை, கதகதப்பும் குறைவதில்லை.

வேகத்தை மாற்றினால் அப்படி இல்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் இந்த இசையை 0.75 வேகத்திலும், பிறகு 1.5 வேகத்திலும் கேளுங்கள். செயலி சுரங்களின் அதிர்வெண்ணை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும். எந்த வேகத்தில் நீங்கள் நெருப்பருகே அமர்ந்திருப்பதாக உணர்கிறீர்கள்? எந்த வேகத்தில் குடை தேடுகிறீர்கள்?

வகுப்பில் இதைச் செய்தபோது, “எது சரியான வேகம், ஆசிரியர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். தட்டுகளையும் ஹெர்ட்ஸையும் கருவி அளந்து சொல்லும். அந்த மழை எப்படிப் பெய்ய வேண்டும் என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.