துணி வாங்கும் உழவர் கேட்க வேண்டிய கேள்விகள்



பெரம்பலூரிலும் விளாத்திகுளத்திலும் பருத்தி பயிரிடும் குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையில் குடியேறியிருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. தீபாவளிக்கு முன் பெற்றோரும் அங்கு ஒரு நடை போய் வருகிறார்கள். அசோக் நகரில் மகள் வீட்டில் தங்கி, காலையில் அசோகத் தூண் அருகே பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் தியாகராய நகர் வந்துவிடும். உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நெருக்கியடித்து, பருத்தி விற்று வைத்திருந்த பணத்தைக் கொடுத்துத் துணிப்பைகளுடன் திரும்புகிறீர்கள்.

அந்தப் பைகளை அன்று மாலை பிரித்துப் பாருங்கள். சட்டைக் கழுத்தில் தைத்துள்ள சிறு சீட்டில் '65 சதம் பாலியெஸ்டர், 35 சதம் பருத்தி' என்று இருக்கலாம். சேலையில் சீட்டே இல்லாமல் இருக்கலாம். பருத்தி விற்ற பணத்தைக் கொடுத்து நீங்கள் வாங்கி வந்தது மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு! பாலியெஸ்டர் என்பது கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்படும் இழை. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் இதுவே. பருத்தியின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான். பாலியெஸ்டர் மலிவானது, சுருங்காது, இஸ்திரி கேட்காது. இந்த நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. வெயிலில் களை எடுப்பவருக்கு அது ஏற்ற உடை அன்று. துவைக்குந்தோறும் அதிலிருந்து உதிரும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் நீரிலும் மண்ணிலும் சேர்கின்றன; அவை மக்குவதில்லை.

'காட்டன் ஃபினிஷ்', 'காட்டன் டச்', 'காட்டன் மிக்ஸ்' என்று கடைக்காரர் சொன்னால் அது முழுப் பருத்தி அன்று என்று பொருள். ஐயம் இருந்தால் துணியின் ஓரத்திலிருந்து நான்கு இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையுடன் எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாகும் சாம்பலைத் தரும். பட்டு, மயிர் பொசுங்கும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூலில் சாம்பலும் இருக்கும், நெருடும் கட்டியும் இருக்கும். உருகிய சொட்டு தோலில் பட்டால் புண்ணாகும். எனவே குழந்தைகளை இதில் விடக்கூடாது. கடையில் இதைச் செய்ய இயலாதுதான். ஆனால் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தவர் அடுத்த முறை அந்தக் கடையில் என்ன கேட்பது என்று அறிவார்.

சட்டை விலையில் பருத்தி எவ்வளவு?

முழுப் பருத்திச் சட்டை ஒன்று 200 முதல் 250 கிராம் எடை இருக்கும். வெட்டுத்துண்டு, நூற்பாலைக் கழிவு ஆகியவற்றையும் சேர்த்தால் அதற்கு ஏறத்தாழ 350 கிராம் பஞ்சு தேவை. அரவைத் திறன் 35 சதம் என்று கொண்டால், நீங்கள் எடுக்கும் பருத்தியில் ஒரு கிலோ ஒரு சட்டைக்குப் போகிறது. 2025-26ஆம் பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். அதாவது கிலோ 77 முதல் 81 ரூபாய். இந்த விலையும் களத்தில் கிடைக்காத ஆண்டுகள் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உழவருக்கு வந்தது அதில் பத்தில் ஒரு பங்கு. விதைப்பு, களையெடுப்பு, பூச்சி மருந்து, ஆள் கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். உழவருக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் அந்தச் சட்டையின் விலை இருபது ரூபாய்தான் ஏற வேண்டும். எண்ணூறு ரூபாய் கொடுப்பவர் எண்ணூற்று இருபது கொடுக்கத் தயங்கமாட்டார். ஆனால் அந்த இருபது ரூபாய் வயலுக்குத் திரும்பி வர வழி இல்லை. யார் விளைத்த பஞ்சு எந்தச் சட்டையில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் விளையும் பருத்தி சில இலட்சம் பொதிகளே. நம் நூற்பாலைகளின் தேவை ஒரு கோடிப் பொதி அளவில் உள்ளது. குஜராத், மகாராட்டிரம், வெளிநாடு எனப் பல இடத்துப் பஞ்சும் ஒரே ஆலையில் கலந்துவிடுகிறது.

சாயம் எங்கே போகிறது?

மலிவுத் துணியின் விலையைச் சில வேளைகளில் வேறொரு உழவர் கொடுக்கிறார். இதற்கு நொய்யலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்குத் தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். சாயம் நூலில் ஏறுகிறது, உப்பு ஏறுவதில்லை. அது அப்படியே கழிவுநீரில் வெளியேறும். சுண்ணாம்பும் படிகாரமும் இட்டு நிறத்தை ஓரளவு அகற்றலாம். உப்பு போகாது. நிறம் தெளிந்த நீர் நல்ல நீர் என்று எண்ணி அதைப் பாய்ச்சினால் மண் உவராகும். கிணற்று நீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உவர்நிலை அறிந்த உழவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென ஆற்றின் கீழ்ப்பகுதியில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டிற்கு வந்தது. தேங்கியது பாசன நீர் அன்று, உப்புச் சாய நீர். சில ஆண்டுகளிலேயே 'அணையில் நீரைத் தேக்காதீர்கள்' என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. அணை வேண்டாம் என்று உழவர் சொல்வது நாட்டில் அரிது! நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் சென்றனர். சூழல் இழப்பு ஆணையம் 2004இல், 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. சராசரியாகப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை. கிணறும் நிலமும் கெட்டதற்கு அது ஈடாகுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 2009இல் உச்ச நீதிமன்றமும் உழவர் பக்கம் நின்றது. அதன்பின்னும் கழிவு நிற்காததால், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்போது வேலையிழந்த தொழிலாளர் பலர் என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது கழிவுநீரைச் சவ்வு வடிகட்டி மூலம் தூய்மையாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்த வேண்டும்; ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது விதி. இதற்குச் செலவு பிடிக்கும். அந்தச் செலவைச் செய்பவரின் துணி சற்று விலை கூடும். இரவில் ஓடையில் திறந்துவிடுபவரின் துணி மலிவாக இருக்கும். ஆகவே அடர்ந்த கருப்பு, கருநீலப் பனியன் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், அது எந்த ஊர்க் கிணற்றின் விலை என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வெளிர் நிறத்திற்குச் சாயமும் உப்பும் குறைவாகவே தேவை. சாயமேற்றாத பழுப்பு வெள்ளைக்கு அவை தேவையே இல்லை. தாத்தாக்கள் கட்டிய கோடி வேட்டி அதுதான்.

தைத்த கைகள்

24-4-2013 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தைத்தவை மேலை நாட்டுக் கடைகளுக்குப் போகும் மலிவு ஆடைகள்.

நம் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. மேற்கு மாவட்ட நூற்பாலைகள் சிலவற்றில், மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை என்று சொல்லிக் கிராமத்துப் பெண்களைச் சேர்த்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயர். அந்தத் தொகை பரிசு அன்று. மாதந்தோறும் பிடித்து வைத்த அவர்கள் கூலியே. இடையில் உடல் நலம் கெட்டுத் திரும்பிய பெண்களில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களில் மிகுதியானோர் மானாவாரி உழவர்களின் மக்கள். ஆலைக்கு மகளை அனுப்பும் நிலை உங்களுக்கு வந்தால், சம்பளச் சீட்டு, சேமநல நிதி எண், வாரம் ஒருநாள் வீட்டுடன் பேசும் வசதி மூன்றையும் கேட்டுப் பெறாமல் அனுப்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எந்தக் குறியை நம்பலாம்?

கைத்தறித் துணிக்கு 2006 முதல் 'கைத்தறிக் குறி' உண்டு. நெசவுக் குழுமம் வழங்கும் எண்ணிட்ட சீட்டு அது. கதருக்குத் தனிக் குறி உண்டு. பட்டுக்கு 2004 முதல் 'சில்க் மார்க்' உண்டு. கரையோரம் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று சிலர் சொல்வார்கள். விசைத்தறித் துணியிலும் அத்துளை வருவதால் அது முடிவான சான்று ஆகாது. எழும்பூரில் தலைமையகம் உள்ள கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். நெய்தவரின் பெயரும் படமும் அச்சிட்ட அட்டையைச் சேலையுடன் இணைத்து விற்ற நல்ல முயற்சி அங்கு நடந்தது. பருத்தி விளைத்தவரின் பெயரும் அதில் ஒரு வரி இருந்திருக்கலாமே என்பது என் ஆசை.

'ஆர்கானிக் காட்டன்' என்ற சொல்லை மட்டும் கண்டு மயங்க வேண்டாம். சீட்டில் ஜி.ஓ.டி.எஸ். முத்திரையும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'ஆர்கானிக்' என்று அம்முத்திரை பெற 95 சதம் இயற்கை வேளாண் இழை தேவை. அதிலும் மோசடி நடந்தது. 2020இல் இந்தியாவில் 20,000 டன் பஞ்சு பொய்ச் சான்றுடன் புழங்கியதை அந்த அமைப்பே வெளியிட்டது.

சான்றைவிட உறுதியானது வழி தெரிவதே. கரிசல் மண்ணின் கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டு இரகங்கள் மானாவாரியில், அதிக மருந்து கேளாமல் வருபவை. கருங்கண்ணியைச் சீர்திருத்தும் பணி கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் நடந்தது. குட்டை இழை என்பதால் ஆலைகள் இதற்கு நல்ல விலை தருவதில்லை. கைநூற்புக்கும் கைத்தறிக்கும் இது ஏற்றது. சென்னையிலிருந்து 'துலா' என்ற அமைப்பு, மானாவாரி நாட்டுப் பருத்தியை மருந்தின்றி விளைப்பவரிடம் வாங்கி, கையால் நூற்று, கையால் நெய்து, இயற்கைச் சாயமிட்டு ஆடையாக்கி விற்று, இது இயலும் என்று காட்டியது. அசோக் நகரில் குடியிருப்பவரும் தம் சட்டைக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டறிய இதில் வழி உண்டு. இத்தகைய ஆடை விலை கூடியதுதான். எல்லா உடையையும் இப்படி வாங்க நம்மால் இயலாது. ஆண்டுக்கு ஒன்று வாங்கலாம். முன்னூறு ரூபாய்ச் சட்டை முப்பது துவைப்பில் போகுமானால் ஒரு துவைப்புக்குப் பத்து ரூபாய். தொள்ளாயிரம் ரூபாய்ச் சட்டை நூற்றைம்பது துவைப்பு வந்தால் ஆறு ரூபாய்.

பழந்துணியை வீணாக்காமல் இருப்பதில் நகரத்தார் உங்களிடம் கற்க வேண்டும். வேட்டி தூளியாகி, கரித்துணியாகி, கடைசியில் குப்பைக்குழியில் மக்குவது கிராமத்து வழக்கம். இதில் பருத்தி உழவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிளாஸ்டிக் உரச்சாக்கில் பருத்தி எடுத்தால் சாக்கின் இழை பஞ்சில் கலக்கும். சாயத் தொட்டியில் அது நிறம் ஏற்காமல், துணியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆலை அதைக் காட்டி விலையைக் குறைக்கும். ஆதலால் கிழிந்த பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, இடுப்பில் கட்டும் பையாகத் தைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து பதினொரு மணிக்குள், பனி ஈரத்தில் இலைச்சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டுமுன், அந்தப் பையில் பருத்தி எடுத்து, நிழலில் உலர்த்தி, கறைபட்ட சுளைகளைத் தனியே பிரித்து வையுங்கள். கலப்பு வேட்டியில் இந்தப் பையைத் தைக்க வேண்டாம். அதன் இழையும் பஞ்சில் கலந்துவிடும்.