வாசலுக்குப் போகாமலே நிறம் பார்க்க

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக் கடையில் பத்து நிமிடம் நின்றால் இதைப் பார்த்துவிடலாம். கல்யாணப் புடவை எடுக்க வந்த அம்மா, பிரித்துப் போட்ட புடவையின் முந்தானையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடப்பார். "வெயில்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன் தம்பி" என்பார். கடைக்குள் விளக்குக்குக் குறைச்சலே இல்லை. ஆனாலும் அவர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

பட்டுக்கு நிறம் தருவது சாயம் மட்டும் இல்லை. அதன்மேல் விழும் வெளிச்சத்தில் எந்த நிறங்கள் இருக்கின்றனவோ, அவற்றிலிருந்துதான் அது திருப்பிக் கொடுக்க முடியும். சூரிய ஒளியில் ஊதாவிலிருந்து சிவப்புவரை எல்லாம் இடைவெளி இல்லாமல் இருக்கின்றன. டியூப்லைட்டிலும் மலிவான எல்.இ.டி. விளக்கிலும் சில நிறங்கள் தூக்கலாகவும் சில ஒல்லியாகவும் இருக்கும். அதனால்தான் இரண்டு அரக்கு நூல்கள் விளக்கடியில் ஒன்றாகத் தெரிந்து, தெருவுக்கு வந்ததும் பிரிந்துபோகின்றன. நெடுக்கு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம் என்று ஓடும் மயில்கழுத்துப் புடவையில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் இது கடை வாசலோடு நிற்பதில்லை, தறியடிவரை வருகிறது. எங்கள் பக்கத்து நெசவு வீடுகள் பக்கச்சுவரோடு பக்கச்சுவர் ஒட்டி நிற்பவை. முன்னால் வாசல், பின்னால் கொல்லை, தறி நடுவில். ஓட்டு வீடாக இருந்தவரை தறிக்கு நேர் மேலே இரண்டு கண்ணாடி ஓடு செருகியிருப்பார்கள். பகல் முழுக்க வெளிச்சம் இறங்கும். மாடி கட்டியபோது அந்த ஓடு போய்விட்டது. வெளியே பங்குனி வெயில் கொளுத்தும் காலை பதினொரு மணிக்கு, குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு ஒருவர் டியூப்லைட்டில் நெய்துகொண்டிருப்பார். புதுச் சாயத்தில் ஊடை நூல் வந்தால், பழைய நூலையும் புதியதையும் இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு எழுந்து வருவார். உடலும் கரையும் கோர்வையில் சேரும் புடவையில் நிறம் தப்பினால் பல நாள் உழைப்பு வீண்.

அந்த வெயிலை அவர் இருக்கும் இடத்துக்கே இழுத்து வர முடியுமா? முடியும். அதற்குக் கண்ணாடி இழை போதும். இணையத்துக்காகத் தெருவைத் தோண்டிப் பதிக்கிறார்களே, அதே இனம்.

கிணற்றில் முங்கி நீந்தியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து நேர் மேலே பார்த்தால் வானம் தெரியும். கண்ணைச் சாய்த்துப் பார்த்தால் நீரின் மேற்பரப்பே கண்ணாடிபோல மினுங்கும். சாய்வாக வரும் ஒளியை நீர் வெளியே விடாமல் உள்ளேயே திருப்பிவிடுகிறது. இழையும் அப்படித்தான். உள்ளே ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி ஒளியைக் குறைவாக வளைக்கும் ஒரு தோல். ஒரு முனையில் நுழைந்த ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி மறுமுனையில் வெளிவரும். பாயும் நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து போவதை 1841-இல் ஜெனீவாவில் இயற்பியலாளர் கொலடோன் செய்து காட்டினார். பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக் கட்டு வழியாகப் படத்தையே கடத்தி, அதை 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

சூரியனை இழைக்குள் நுழைப்பதுதான் கடினமான வேலை. மொட்டைமாடியில் ஒரு லென்ஸ் வேண்டும். உள்ளங்கை அகல லென்ஸ் சூரியனைக் கடுகளவு புள்ளியாகக் குவிக்கும். அந்தப் புள்ளி இழையின் வாயில் துல்லியமாக உட்கார வேண்டும். சூரியனோ மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டே நிமிடத்தில் தன் அகலத்துக்குத் தள்ளிப்போய்விடும். ஆகவே லென்ஸைச் சூரியன் பின்னாலேயே திருப்ப மோட்டார் தேவை. ஜப்பானில் கெய் மோரி என்பவர் 1970களின் இறுதியில் இப்படி ஒன்றைச் செய்து 'ஹிமவாரி' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் அது சூரியகாந்திப் பூ. லென்ஸில் காகிதம் எரித்த பிள்ளைகளுக்கு, குவிந்த வெயிலில் இழை கருகாதா என்று கேட்கத் தோன்றும். லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு தூரத்தில் குவிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் இடத்தில் இழையை வைத்தால், வெப்பக் கதிரும் புற ஊதாவும் பெரும்பகுதி வெளியே சிதறிவிடும். பட்டுக்கு இது பெரிய உபகாரம். கண்ணாடி ஓட்டின் வெயில் நேராகப் பாவில் விழுந்தால் நூல் உலர்ந்து அறுபடும். இழையில் வரும் வெளிச்சத்தில் அந்தச் சூடு இல்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு லட்சம் லூமென். 10 செ.மீ. விட்டமுள்ள லென்ஸில் விழுவது ஏறக்குறைய 780. வழியில் பாதி போனால் மிஞ்சுவது 400-க்குச் சற்றுக் குறைவு, அதாவது 9 வாட் எல்.இ.டி. பல்பின் ஒளியில் ஏறக்குறையப் பாதி. ஒரு கூடத்துக்கு இது காணாது. தறியில் நெய்துகொண்டிருக்கும் அந்த ஒரு சதுர மீட்டருக்குக் காணும். நிறம் ஒப்பிடும் மேசைக்கு 1,000 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 1,000 லூமென், வேண்டும் என்பதால் அங்கே மூன்று லென்ஸ்.

கரன்ட் பில் குறையும் என்று எண்ணி யாரும் இதை வாங்க வேண்டாம். அதே மாடியில் சூரியத் தகடு வைத்து எல்.இ.டி. எரித்தால் பணக்கணக்கு எளிதாக வெல்லும். இழை தருவது நிறத்தின் உண்மை. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மலிவான பிளாஸ்டிக் இழை 15, 20 மீட்டரில் ஒளியில் பாதியை விழுங்கிவிடும். சிவப்பை மற்றவற்றைவிட அதிகம் விழுங்கும். தூரம் கூடக்கூட வெளிச்சம் பச்சை தட்டும். அரக்கும் மெரூனும் பார்க்க வந்த இடத்தில் இது ஆகாது. பிளாஸ்டிக் என்றால் ஒரு மாடி தூரத்தோடு நிறுத்த வேண்டும். அதற்குமேல் குவார்ட்ஸ் இழைதான். விலை பல மடங்கு.

இன்னொன்று, மேகம். லென்ஸ் நேர் வெயிலை மட்டுமே குவிக்கும். மூட்டமான வானம் பிரகாசமாகவே இருந்தாலும் இழைக்குள் ஒன்றும் இறங்காது. தீபாவளிக்காகத் தறிகள் ஓயாமல் ஓடும் ஐப்பசியில்தான் நமக்கு அடைமழை. அதனால் பக்கத்தில் விளக்கு இருந்தே ஆக வேண்டும். விளக்கு வாங்கும்போது டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பதைப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற மதிப்பெண் அது. 90-க்குக் குறைந்தால் நிறம் பார்க்க வேண்டாம்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒற்றை மாடி நெசவு வீட்டுக்கு இழை தேவையில்லை. தளத்தில் ஓர் அடி விட்டத் துளை, மேலே மூடி, உட்புறம் கண்ணாடியாய்ப் பளபளக்கும் உலோகக் குழாய், கீழே ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகடு. இந்த ஒளிக்குழாய் மேகத்திலும் வேலை செய்யும், மோட்டார் கிடையாது. பழைய கண்ணாடி ஓட்டுக்கு இது பேரன். இழை பொருந்துவது நான்கு மாடிப் பட்டுக் கடைகளுக்கு. மேல் தளங்களைத் துளைத்துப் பெருங்குழாய் இறக்க அங்கே வழியில்லை. விரல் பருமன் இழைக் கட்டு மின்கம்பிபோலச் சந்து வழியாக இறங்கிவிடும்.

கூரை முழுக்க அந்த வெளிச்சத்தைத் தெளிக்க வேண்டியதில்லை. புடவையைப் பிரித்துப் போடும் மெத்தைக்கு மேலே ஓரிடம் போதும். இப்போது கட்டிடம் எழுப்புகிறவர்கள், தளம் போடும்போதே மாடியிலிருந்து அந்த இடம்வரை இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை விட்டுவையுங்கள். முழங்கை வளைவு வைக்காதீர்கள். இழை முறுக்கி மடங்கினால் ஒளி கசியும். அகலமாக, மெதுவாக வளையட்டும். வாயை மழைத்தண்ணீர் இறங்காமல் மூடி வைத்தால், இழை என்றைக்கு வந்தாலும் தளத்தை உடைக்க வேண்டியிருக்காது.