வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

பிள்ளைகள் சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போய்விட, பெற்றோர் மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பல. அவர்களில் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், ஆஸ்பத்திரி பில்லைவிட அதற்குப் பின் மாதாமாதம் வரும் செலவுதான் வாட்டும். வீட்டோடு தங்கும் ஹோம் நர்ஸ் சம்பளம், டயப்பர், பிசியோதெரபி என்று அது நீளும். மெடிக்ளெய்ம் பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்குத்தான் பணம் தரும். 70 வயதானவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் திட்டமும் அப்படித்தான்.

அப்போதுதான், "வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்ற பேச்சு வரும். அமெரிக்காவில் அப்படி எழுதிக் கொடுக்க ஒரு காரணம் உண்டு: அங்கே சொத்து அதிகம் இருந்தால் முதியோர் பராமரிப்புக்கு அரசு உதவி கிடைக்காது. அதனால் சிலர் பல ஆண்டுகள் முன்பே சொத்தைக் கைமாற்றுகிறார்கள். நம் நாட்டில் அப்படி ஓர் உதவியே இல்லாததால், எழுதிக் கொடுத்து மிச்சப்படுத்த எதுவுமில்லை. போவது வீடுதான்.

உயிலா, செட்டில்மெண்டா?

உயில் உங்கள் காலத்துக்குப் பிறகே செல்லும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். நினைத்தபோது ரத்து செய்ய முடியாது.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு அல்லது கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதியது செல்லாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது நல்லது.

எழுதித்தான் ஆக வேண்டுமென்றால்

பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் இருக்கட்டும். ஒன்று: "என் ஆயுள்காலம் முழுவதும் இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எனக்கு உரிமை உண்டு." மற்றது: "என் உணவு, மருத்துவம், பராமரிப்புச் செலவை இன்னார் ஏற்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது."

இரண்டாவது வாசகத்துக்கு 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு துணை நிற்கிறது. பராமரிக்கத் தவறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, எழுதியதை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்தால்தான் இது முடியும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. ஆனாலும் தள்ளாத வயதில் வழக்கை நம்பியிருப்பதைவிட, எழுதும்போதே அந்த வரியைச் சேர்ப்பது மேல்.

கையில் பணம்

பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியே வையுங்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். வங்கிக் கணக்கைக் கணவன் மனைவி இருவரில் யாரும் இயக்கும்படி மாற்றுங்கள். ஒருவர் நினைவிழந்து கிடந்தாலும் மற்றவர் பணம் எடுக்கலாம்.

பிள்ளைகளை நம்புங்கள், அந்த நம்பிக்கையைப் பத்திரத்திலும் எழுதிவையுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு வாடுகிறீர்கள் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை இன்றே அழையுங்கள்.