நெல் விலை உயர்ந்தது. நெல்லின் மதிப்பு உயர்ந்ததா?

நெல்லின் விலை ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. ஆயினும், "கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்பதே உழவர்களின் பேச்சாக இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. விலை என்பது ரூபாயில் சொல்லப்படும் எண். மதிப்பு என்பது அந்த ரூபாயைக் கொடுத்து நாம் பெறக்கூடிய பொருளும் ஆள் வேலையும் ஆகும். எல்லாப் பொருள்களின் விலையும் சேர்ந்து ஏறும்போது ரூபாயின் வாங்கும் சக்தி குறைகிறது. இதையே பணவீக்கம் என்கிறோம். நெல்லுக்குக் கிடைத்த விலை உயர்வில் பணவீக்கம் விழுங்கியது எவ்வளவு, உழவருக்கு மிஞ்சியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது சிறு விவசாயிகளுக்கு மிகவும் அவசியம்.

பதினோரு ஆண்டுக் கணக்கு

2013-14ஆம் ஆண்டில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,310 ரூபாய். 2024-25இல் அது 2,300 ரூபாய். அதாவது 990 ரூபாய் கூடியது. இது சுமார் 76 சதவீத உயர்வு. ஆனால் இதே காலத்தில் நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்துவிட்டது. எனவே, 2013-14இல் 1,310 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களை 2024-25இல் வாங்க ஏறத்தாழ 2,230 ரூபாய் தேவைப்பட்டது. 990 ரூபாய் உயர்வில் உண்மையான உயர்வு சுமார் 70 ரூபாய் மட்டுமே. மீதி பழைய நிலையைக் காத்துக்கொள்ளவே சரியாகிவிட்டது.

கூலியைக் கொண்டு அளந்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 2013-14இல் 148 ரூபாய். 2024-25இல் 319 ரூபாய். ஊக்கத்தொகையைச் சேர்க்காமல் பார்த்தால், முன்பு ஒரு குவிண்டால் நெல்லின் விலை ஏறத்தாழ 9 நாள் கூலிக்குச் சமமாக இருந்தது. 2024-25இல் அது 7 நாள் கூலிக்குச் சற்றே அதிகம். கூலி உயர்வு தொழிலாளர் குடும்பங்களுக்கு நியாயமானதே. ஆனால் ஆள் வைத்து நடவும் களையெடுப்பும் செய்யும் உழவருக்கு நெல்லின் மதிப்பு குறைந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

சீராக ஏறுவதில்லை

பணவீக்கம் ஆண்டுதோறும் தொடர்ந்து நடப்பது. ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் விலைவாசி ஏறினால் 12 ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். நெல் விலையோ சில ஆண்டுகள் தேங்கி நின்று, பிறகு தாவுகிறது. 2003-04இல் 550 ரூபாயாக இருந்த ஆதரவு விலை 2005-06இல் 570 ரூபாய்தான். இரண்டு ஆண்டுகளில் 4 சதவீதம்கூட உயரவில்லை. உலகச் சந்தையில் அரிசி விலை கடுமையாக ஏறிய பின்னர், 2008-09இல் ஊக்கத்தொகை 50 ரூபாயையும் சேர்த்து 900 ரூபாய் ஆயிற்று.

அரிசி விலை ஏறும்போது நுகர்வோரைக் காக்க அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதும் உண்டு. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. ஆகவே கடையில் அரிசி விலை ஏறியதைக் கண்டு, களத்திலும் அதே அளவு ஏறும் என்று எண்ணிச் செலவு செய்யக்கூடாது.

செலவு எங்கே ஏறுகிறது?

எல்லாச் செலவும் ஒரே அளவில் ஏறுவதில்லை. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தின் காரணமாகப் பல ஆண்டுகளாக 266 ரூபாய் 50 காசு என்ற விலையிலேயே நிற்கிறது. ஏறுவது ஆள் கூலியும் இயந்திர வாடகையும்தான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு உழவு, அறுவடை வாடகைகள் டீசலோடு சேர்ந்து ஏறுகின்றன. எனவே சிக்கனத்தையும் இங்கேதான் தேட வேண்டும். வயலை நன்கு சமன் செய்து டிரம் சீடர் கொண்டு முளைகட்டிய விதையை நேரடியாக விதைத்தால், நாற்றங்கால், நாற்றுப் பறிப்பு, நடவு ஆகிய மூன்று செலவுகளும் மிச்சமாகும். ஆனால் களை கூடுதலாக வரும். தொடக்கத்திலேயே களையைக் கட்டுப்படுத்தத் தவறினால் மிச்சப்பட்ட பணம் களையெடுப்புக் கூலியாகப் போய்விடும்.

இருப்பு வைத்து விற்கலாமா?

"நான்கு மாதம் வைத்திருந்தால் விலை ஏறும்" என்று எண்ணுவோர் முதலில் கணக்குப் போட வேண்டும். குவிண்டால் 2,300 ரூபாய்க்கு விற்கும் நெல்லை நிறுத்தி வைத்துவிட்டு, குடும்பச் செலவுக்கு மாதம் 100க்கு 2 ரூபாய் வட்டியில் வெளிக்கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 4 மாத வட்டி 184 ரூபாய். 17 சதவீத ஈரப்பதத்தில் அறுத்த நெல்லைச் சேமிப்புக்கு ஏற்ப 14 சதவீதத்திற்குக் காயவைத்தால், 100 கிலோ 96½ கிலோவாகக் குறையும். இவ்விரண்டையும் ஈடுகட்டவே குவிண்டால் சுமார் 2,575 ரூபாய்க்கு விற்க வேண்டும். சாக்கு, எலி, பூச்சிச் சேதம் இதில் சேரவில்லை. ஆகவே வெளிக்கடன் உள்ளவர்கள் அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்றுக் கடனை அடைப்பதே நலம். இருப்பு வைக்க விரும்புவோர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியை விசாரித்து அறியலாம்.

கணக்கு நோட்டு அவசியம்

2018-19 முதல் ஆதரவு விலை, கைச்செலவுடன் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் சேர்த்த தொகையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கப்படுகிறது. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும் அந்தச் செலவுக் கணக்கில் இல்லை. மேலும் அது பல மாநிலங்களின் சராசரி. உங்கள் வயலின் கணக்கு வேறாக இருக்கும்.

எனவே ஒவ்வொரு பட்டத்திலும் உழவு முதல் விற்பனை வரை ஆன செலவையும், வீட்டாரின் உழைப்பு நாட்களையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மொத்தச் செலவைக் கண்ட மகசூலால் வகுத்தால், ஒரு குவிண்டால் நெல் விளைவிக்க ஆன அடக்கவிலை தெரியும். அடக்கவிலை ஏறிய வேகத்தையும் விற்பனை விலை ஏறிய வேகத்தையும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். அடக்கவிலை வேகமாக ஏறியிருந்தால், எந்தச் செலவு அதற்குக் காரணம் என்பதை அந்த நோட்டே காட்டிவிடும். அடுத்த பட்டத்தில் நடவா நேரடி விதைப்பா, குத்தகைக்குக் கூடுதல் நிலம் எடுக்கலாமா, எவ்வளவு கடன் வாங்கலாம் என்பவற்றை அறிவிக்கப்பட்ட விலையை மட்டும் பார்க்காமல், இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.