அளவும் பொருளும்: பாத்தேக் வடிவங்களை இயந்திரம் வகைப்படுத்தும்போது

மொழியியல் பயின்றவனுக்குத் துணிக்கோலங்களில் என்ன வேலை என்று அவையினர் வினவலாம். எந்த வேறுபாடு பொருளை மாற்றும், எது மாற்றாது என்று தெளிவதே வகைப்படுத்தலின் முதற்படி. அவ்வகையில் ஒலிக்கும் துணிக்கும் சிக்கல் ஒன்றே.

இந்தோனேசியப் பாத்தேக் கலையை யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. மெழுகால் எழுதிச் சாயமேற்றும் அத்துணிகளின் நிழற்படங்களைக் கொண்டு, வடிவங்களைப் பெயர்வாரியாகப் பிரிக்கச் செயற்கை நரம்பணு வலைப்பின்னல்கள் இன்று பயிற்றப்படுகின்றன.

வலைப்பின்னல் துணியைக் காண்பதில்லை, எண்களையே காண்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு படமும் 224 வரிசையும் 224 நிரலும் கொண்டதாகச் சுருக்கப்படும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஆக 150,528 எண்கள். தொடக்க அடுக்குகள் கோடுகளையும் விளிம்புகளையும் கண்டறியும். அடுத்தவை அவற்றை இணைத்து வளைவுகளையும் உருவங்களையும் அறியும். இறுதி அடுக்கு ஒரு பெயரைத் தெரிவு செய்யும். பெயர் தவறானால், உள்ளிணைப்புகளின் மதிப்புகள் சிறிது சிறிதாகத் திருத்தப்படும். நான்கு நீள்வட்டங்கள் குறுக்காகக் கூடிய காவுங்கையும், சிரெபோன் நகரின் மேக வடிவமான மெகா மெண்டுங்கையும் இவ்வாறு பிரித்தறிதல் அரிதன்று.

இடர்ப்பாடு பாராங்கில் தோன்றுகிறது. நம் வழக்கில் பாராங் என்பது வெட்டுக்கத்தி. ஜாவாவில் அது சாய்வு வரிசைகளாக வளைவுகள் தொடரும் ஒரு பாத்தேக் வடிவத்தின் பெயருமாகும். அவ்வடிவம் பெரிதாக அமைந்தால் பாராங் பாரோங். சிறிதாக அமைந்தால் பாராங் கிளித்திக். பாரோங் அரசருக்கு உரியதாக இருந்தது. யோக்யகர்த்தா அரசவை 1927இல் வெளியிட்ட உடை விதிகளில், இத்தகைய வடிவங்களை அணியும் உரிமை தகுதி வாரியாக வகுக்கப்பட்டிருந்தது. காவுங்கிலும், சிறியது பிச்சிஸ், அதனினும் பெரியது பிரிபில் என நாணயப் பெயர்களே அளவைச் சுட்டுகின்றன.

படங்களை ஒரே அளவாக்கும் இயந்திரத்திற்கோ, அருகிலிருந்து எடுத்த கிளித்திக்கும் தொலைவிலிருந்து எடுத்த பாரோங்கும் ஏறத்தாழ ஒன்றே. அரசருக்குரியதும் பிறருக்குரியதும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன.

தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. ‘பல்’, ‘பால்’ என்னும் சொற்களைப் பிரிப்பது உயிரொலியின் அளவே. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. ஒலிப்பதிவில் உயிரொலிகளையெல்லாம் ஒரே கால அளவுக்குக் கொணர்ந்தால் பல்லும் பாலும் ஒன்றாகிவிடும். ஆனால் ஒருவர் உரத்துச் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும் பால் பாலே. துணியிலும் அவ்வாறே: வெளுத்துச் சாயம் மங்கினாலும் பாரோங் பாரோங்கே. எவ்வேறுபாடு பொருளுடையது என்பதை வழங்குவோரே அறிவர்; படத்தில் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

எனவே, படம் எடுக்கும்போது துணியருகே ஓர் அளவுகோலை வைத்தல் வேண்டும். அந்த அளவை இயந்திரத்திற்குத் தனி எண்ணாக அளிக்கலாம். கைவினைஞர் வழங்கும் பெயரையும், அதை யார், எந்நிகழ்வில் அணிவர் என்பதையும் அவர் சொற்களிலேயே பதிதல் வேண்டும். கிளந்தான், திரங்கானு பாத்தேக்குக்கும் சொங்கேட்டுக்கும் இதுவே பொருந்தும்.

பெயரறிந்த முதியோர் இருக்கும்போதே இப்பணி நிகழ வேண்டும். இரண்டு பெயர்களை ஒன்றாக்கிப் பயிற்றிய இயந்திரமும் தன் சோதனையில் நிறைமதிப்பெண் பெறக்கூடும். இழந்த பெயரை அந்த மதிப்பெண் காட்டாது.