விரல் நுனியும் ஊசி முனையும்

தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கிருப்புப் பதிவேட்டைப் பார்வையிடுங்கால், ஊசிக்கு ஒரு வரி, நூலுக்கு ஒரு வரி, பொத்தானுக்கு ஒரு வரி என்று ஒழுங்காகப் பதிவாகியிருப்பதைக் காண்கிறோம். அங்குஸ்தானுக்கு ஒரு வரி இருப்பது மிக அரிது. ஊசிக்கும் நூலுக்கும் சங்கம் பொறுப்பு, விரலுக்கு மட்டும் அங்கத்தினரே பொறுப்பு என்னும் இந்த ஏற்பாடு எங்ஙனம் ஏற்பட்டதோ, நமக்கு விளங்கவில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒரு பெண்மணிக்கு ஆட்காட்டி விரல் பழுத்துவிட்டால் அந்த வாரத்துக் கூலி போயிற்று. சங்கம் ஒப்புக்கொண்ட தவணையும் தவறுகிறது. ஆகையால் இஃது அற்ப விஷயமன்று.

ஓரம் மடித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது முதலிய வேலைகளில் ஊசியின் காதுப்பக்கம் நடுவிரலைக் குத்தும். பஞ்சு வைத்துத் தைக்கும் ரஜாய்ப் போர்வையிலோ துன்பம் இரட்டிப்பு. மேல் துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊசி ஊடுருவ வேண்டும். மேலிருக்கும் கை ஊசியைத் தள்ளுகிறது. அடியிலிருக்கும் கை, முனை வெளிவந்ததா என்று தொட்டறிந்து அதனை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அங்குலத்திற்கு எட்டுத் தையல் என்று கொண்டால், ஒரு கஜக் கோட்டை முடிப்பதற்குள் அடிவிரல் ஊசிமுனையை 288 முறை சந்திக்கிறது! இத்தகைய போர்வைத் தையல் கூட்டுறவுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பருத்தி விளையும் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள், 1966ஆம் ஆண்டில் ‘பிரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தம் கைத்தையல் போர்வைகளை நகரங்களில் விற்று வந்தனர்.

தள்ளும் விரலுக்கு அங்குஸ்தானே காப்பு. தலை திறந்த வளைய வடிவத்தைத் தையற்காரர்கள் அணிந்து, விரலின் பக்கவாட்டால் ஊசியைத் தள்ளுவர். தலை மூடியதை அணிந்தால் நுனியாலும் தள்ளலாம். எதுவாயினும் அதிலுள்ள குழிகள் ஆழமாயிருத்தல் வேண்டும். இன்றேல் ஊசி வழுக்கிப் பக்கத்துச் சதையில் ஏறும். கையைத் தொங்கவிட்டு உதறினால் கழன்று விழக்கூடாது. விரல் கன்றிப்போகும்படி இறுக்கவும் கூடாது. வெயில் ஏற ஏற விரல் சற்றுப் பருக்குமாதலால், வேலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குவதே முறை. விலை மிகுந்தது நல்லதென்று எண்ண வேண்டா. வெள்ளி மெத்தென்ற உலோகமாதலால் ஊசி அதனைத் துளைத்துவிடும். இக்குறையை நீக்கவே இங்கிலாந்தில் சார்லஸ் ஹார்னர் என்பவர் இரு வெள்ளித் தகடுகளுக்கிடையே எஃகு வைத்துச் செய்யும் முறைக்கு 1884இல் காப்புரிமை பெற்றார். புதிதாக அணிவோர், விரலுக்கு விலங்கு பூட்டினாற்போல் இருக்கிறதென்று முறையிடுவர். அவர்களுக்கு முதலிற் சில நாள் மெல்லிய தோலுறை கொடுத்துப் பழக்கலாம்.

அடிவிரலின் சங்கதி வேறு. அதனை முழுதும் மூடிவிட்டால் முனை தட்டுப்படாது, தையல் கோணலாகும். மெல்லிய தோல்துண்டோ, இரண்டு சுற்றுப் பிளாஸ்திரியோ போதும். இன்று ஆட்காட்டி விரல், நாளை நடுவிரல் என்று மாற்றிக்கொள்ளுதலும் நன்று. காய்ப்பு ஏறினால் குத்து உறைக்காதென்று சிலர் பெருமை கொள்வதுண்டு. காய்ப்பு தடித்தால் வெடிக்கும். வெடிப்பில் நூல் சிக்கும். இரவில் தேங்காயெண்ணெய் தடவுக. காலையில் தடவினால் துணி கறைப்படும். துருவேறிய ஊசியையும் முனை மழுங்கியதையும் உடனே கழிக்க வேண்டும். சிக்கிய ஊசியைப் பல்லாற் கடித்து இழுக்கும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய சிறு துண்டு இருந்தால் எளிதில் பிடித்திழுக்கலாம்.

குத்திய இடத்தைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து மூடுக. விரல் நுனிச் சதை சிறு சிறு அறைகளாக அமைந்தது. அதனுள் சீழ் கொண்டால் விரிய இடமின்றி விண்விண்ணென்று தெறிக்கும். கவனியாது விட்டால் எலும்பையும் கெடுக்கும். அதனை வீட்டில் ஊசியாற் கீறுதல் ஆகாது. மருத்துவரிடம் செல்வதே வழி. தனுர்வாயு ஊசி போட்டுப் பல்லாண்டு ஆகியிருந்தால் அதனையும் அவரிடம் கூறுக. நீரிழிவுடையோர்க்கு விரலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். புண்ணும் ஆறத் தாமதிக்கும். அவர்கள் மாலைதோறும் விரல்களைக் கண்ணாற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சங்கத்திற்குப் பெருஞ்செலவு வைப்பனவல்ல. நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஊசி வாங்கும்போதே அங்குஸ்தானும் பல அளவுகளில் வாங்கி வைக்கலாம். பிளாஸ்திரிக்குத் துணைவிதிகள் இடந்தருமாயின் பொதுநல நிதி இருக்கிறது.

துணியில் இரத்தத்துளி பட்டுவிட்டால், உலருமுன் குளிர்ந்த நீரால் ஒற்றியெடுக்க வேண்டும். வெந்நீர் பட்டாலும், இஸ்திரிப் பெட்டி பட்டாலும் கறை நிலைத்துவிடும். உருப்படியும் திரும்பி வரும்.