வீடியோ கேமில் கதை: பார்ப்பதா, ஆடுவதா? கருத்து வேறுபாடு ஏன்?

வீடியோ கேமில் ஆட்டம் நின்று, கதையைச் சொல்லும் காட்சி திரையில் தானாக ஓடுவது 'கட்சீன்' எனப்படுகிறது. அப்போது பொத்தானை அழுத்தினாலும் கதாபாத்திரம் அசையாது. இத்தகைய காட்சிகள் தேவையா என்பதில் விளையாடுவோரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இரு தரப்பு வாதங்கள்

1980-இல் வெளியான 'பேக்-மேன்' விளையாட்டிலேயே சுற்றுகளுக்கு இடையே சிறு வேடிக்கைக் காட்சிகள் இருந்தன. 2008-இல் வெளியான ஜப்பானின் 'மெட்டல் கியர் சாலிட் 4' மிக நீண்ட காட்சிகளுக்காகவே பேசப்பட்டது. மாறாக, 1998-இல் வந்த 'ஹாஃப்-லைஃப்', பெரும்பாலும் கட்டுப்பாட்டைப் பறிக்காமல் நாயகனின் கண்வழியே கதையை நகர்த்தியது.

உணர்ச்சியையும் பாத்திரங்களின் மனநிலையையும் காட்ட இக்காட்சிகள் அவசியம் என்பது ஆதரிப்போரின் வாதம். கடினமான கட்டத்தைக் கடந்தவருக்கு அவை ஓய்வும் தருகின்றன. வெற்றி பெறும் தருணத்தை வெறுமனே பார்க்க வேண்டுமெனில் திரைப்படமே போதுமே என்பது எதிர்ப்போரின் கேள்வி. தோற்று மீண்டும் ஆடும்போது அதே காட்சியைத் தவிர்க்க வழியில்லாவிட்டால் எரிச்சல் கூடுகிறது.

நிழற்பாவையும் இட்லித் தட்டும்

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' விளையாட்டில், தம்பியைத் தேடும் சிறுமியின் கதை நிழற்பாவைக் காட்சிகளாக விரிகிறது. ஆந்திரத்தின் தோல்பொம்மலாட்டம் அறிந்தவர்களுக்கு அந்த வடிவம் புதிதன்று. அங்கே நாம் பார்வையாளர்களாகிறோம்.

கனடாவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' வேறு வழியைத் தேர்ந்தது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை இது. தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருப்பதால், விடுபட்ட செய்முறையை விளையாடுபவரே ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி செல்லும்படி அடுக்கத் தெரியாவிட்டால் இட்லி சரியாக வேகாது. பின்னர் கட்டுப்பாடு மகன் கவினிடம் மாறுகிறது. தமிழில் தடுமாறும் பிள்ளையின் நிலையை விளையாடுபவர் தம் கையாலேயே உணர்கிறார்.

'வெண்பா'விலும் உரையாடல் காட்சிகள் உண்டு. ஆயினும் ஒரு தலைமுறை இழந்ததை மீட்கும் வேலையை அது விளையாடுபவரிடமே ஒப்படைத்தது. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் அது வென்றது.

ஆகவே, காட்சியின் நீளத்தைவிட, கதையின் முக்கியத் தருணம் யாருடைய கையில் இருக்கிறது என்பதே இந்த விவாதத்தின் மையம்.